பதினாலு பேர் வேனும் வல்லத்துப் பிள்ளையும்

சாரல் விழுகிற ஒரு சீசன் காலை. குற்றாலம் மெயின் அருவிப் பக்கம் பதினாலு சீட் வேன் ஒன்று வந்து நிற்கிறது. வழக்கப்படி அதிலிருந்து இருபத்தொரு பேர் இறங்குவார்கள். கணக்கின் மானத்தைக் காப்பாற்ற நாம் பதினாலு பேர் என்றே வைத்துக்கொள்வோம். இறங்கினதும் சண்டை. அருவிக்கு வரிசையில் யார் முன்னே, யார் பின்னே? தாத்தா வயசுக்கு மரியாதையாக முன்னே நிற்க வேண்டும். ஆனால் வழுக்கி விழுந்துவிடுவார், அதனால் நடுவில் நிற்க வேண்டும். புது மாப்பிள்ளை அத்தைக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார். தலையில் எண்ணெய் வழிய நிற்கிற மச்சினனுக்குப் பக்கத்தில் யாருமே நிற்க மாட்டார்கள்.

சரி, எல்லா மாதிரியும் ஒருமுறை நின்று பார்த்துவிடலாம் என்று குடும்பம் ஏகமனதாக முடிவு செய்கிறது. முதல் இடத்தில் நிற்கப் பதினாலு பேர் உண்டு. இரண்டாம் இடத்துக்கு மிச்சம் பதிமூன்று பேர், அடுத்ததற்குப் பன்னிரண்டு. இப்படியே 14-இல் தொடங்கி 1 வரை பெருக்கிக்கொண்டு போனால் வருகிற தொகை 87,17,82,91,200. அதாவது 8,717 கோடியே சொச்சம் வரிசைகள். நொடிக்கு ஒரு வரிசை என்று மாறி மாறி நின்றால், முடிக்கச் சரியாக 10,09,008 நாள் ஆகும். ஏறக்குறைய 2,762 வருஷம். பராக்கிரம பாண்டியன் தென்காசியில் கோயில் கட்டி இன்னும் அறுநூறு வருஷம்கூட ஆகவில்லை. தாத்தாவுக்கு ஜலதோஷம் பிடிப்பது உறுதி.

இதைப் பள்ளிக்கூடத்தில் காரணீயப் பெருக்கம் என்பார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டு 14! என்று எழுதுவார்கள். நம் ஊர் அரசியல் சுவரொட்டிகளைவிட இங்கே அந்தக் குறிக்கு நியாயம் அதிகம்.

இந்த எண் பரம சாது. 2 முதல் 14 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வைக்காது. ஒரு நாளைக்கு 86,400 நொடி; அதனாலும் மீதியில்லாமல் வகுபட்டதால்தான் மேலே நாள் கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது. இப்போது வரிசையில் குறுக்கே புகுந்து ஒருத்தர் நிற்கிறார். எல்லா வரிசையிலும் ஒருத்தர் அப்படிப் புகுவார். அந்த ஒன்றைக் கூட்டினால் 87,17,82,91,201. அவ்வளவுதான், மொத்தமும் கெட்டது. 2-ஆல் வகுத்தால் மீதி 1. 3-ஆல் வகுத்தால் மீதி 1. 14 வரை யாரைக் கொண்டுவந்து வகுத்தாலும் அதே ஒன்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். கல்யாண வீட்டில் ஒரு மாமா கோபித்துக்கொண்டால் மொத்தப் பந்தியும் கலைகிற மாதிரி.

சரி, அப்படியானால் இது பகா எண்தானோ என்று சந்தேகம் வரும். இல்லை. 23-ஆல் வகுத்தால் சத்தமில்லாமல் வகுபடும்: 23 × 3,79,03,60,487. பின்னால் நிற்கிற அந்த முந்நூற்று எழுபத்தொன்பது கோடிச் சொச்சம் தானும் உடையாது. அது பகா எண். ஆக, 8,717 கோடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிற ஒரு பகு எண்ணின் ரகசியம், நம் பின்கோடு அளவுக்குக்கூட இல்லாத ஒரு இருபத்துமூன்றின் கையில்.

இந்த 23-க்கு உலகக் கணிதத்தில் ஒரு ஜாதிப் பெயர் உண்டு. பிள்ளை பகா எண். பதறாதீர்கள், இது வேறு பிள்ளை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வல்லத்துக்காரர். அருவியில் குளித்துவிட்டு, பரோட்டா தின்றுவிட்டு, ஊருக்குத் திரும்பும் வழியில் நாம் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே கடக்கிற வல்லம்.

கதையை 1770-இலிருந்து சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் எட்வர்டு வாரிங் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். நியூட்டன் உட்கார்ந்த நாற்காலியில் இருபத்துச் சொச்ச வயதிலேயே உட்கார்ந்தவர். நாற்காலி பெரிதாக இருந்தால் நிரூபணம் கேட்க ஆள் குறைவு என்பது எல்லாக் காலத்துக்கும் பொது. 1770-இல் அவர் போட்ட லத்தீன் புத்தகத்தில் இரண்டு சரக்குகளை அவிழ்த்துவிட்டார். இரண்டுக்கும் நிரூபணம் தரவில்லை.

ஒன்று, அவருடைய மாணவர் ஜான் வில்சன் சொன்னது. ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள், அதற்கு ஒன்று குறைவான எண் வரை பெருக்கு, ஒன்றைக் கூட்டு. அந்தப் பகா எண்ணால் அது வகுபடும். 7-ஐ எடுத்தால், 6! என்பது 720; ஒன்றைக் கூட்டினால் 721; அது 7 × 103. வில்சன் இதைச் சொல்லிவிட்டுக் கணக்கையே விட்டுவிட்டார். வக்கீலாகி, பிறகு நீதிபதியும் ஆனார். நிரூபணம் கேட்டபோது வாய்தா வாங்கியிருப்பார் போலும். கடைசியில் 1771-இல் லக்ராஞ்சு வந்து நிரூபித்துக் கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் இதையே எழுநூறு வருஷத்துக்கு முன்னால் கையாண்டிருந்தார். பட்டா யார் பேரில் இருக்கிறதோ நிலம் அவருக்கு. தேற்றம் இன்றைக்கும் வில்சன் தேற்றம்தான்.

இரண்டாவது சரக்கு வாரிங்குடைய சொந்தச் சரக்கு. எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம், கனங்கள் என்றால் ஒன்பது போதும், நான்காம் அடுக்கு என்றால் பத்தொன்பது, மேலும் இப்படியே. இந்த 'மேலும் இப்படியே'-யில்தான் விஷமே இருக்கிறது. பத்திர எழுத்தர் 'இன்ன பிற' என்று எழுதிவிட்டுப் போனால், பேரன் காலம் வரைக்கும் வழக்கு நடப்பதில்லையா? அப்படித்தான் இதுவும் நடந்தது.

இந்த இரண்டு வழக்குக் கட்டுகளும் ஒருநாள் வல்லத்துக்கு வந்து சேர்ந்தன.

1901 ஏப்ரல் 5-ஆம் தேதி வல்லத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. அப்பா சுப்பையா பிள்ளை, அம்மா கோமதி அம்மாள். குழந்தைக்குச் சிவசங்கரநாராயணன் என்று பெயர். அம்மா பெயர் கோமதி, பிள்ளை பெயர் சங்கரநாராயணன் என்றால் எந்தச் சன்னதியை மனதில் வைத்து வைத்தது என்று சங்கரன்கோவில் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். பாதி அரன், பாதி அரி. பெயரிலேயே இரண்டு காரணி. பகு எண் ஆராய்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ஒரு வயதாகும்போதே அம்மா போய்விட்டார். பள்ளிப் படிப்பு செங்கோட்டையில். அது அன்றைக்குத் திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை, 1956 நவம்பர் 1-இல்தான் நம் பக்கம் வந்து சேர்ந்தது. பள்ளி முடிகிற சமயத்தில் அப்பாவும் போனார். சாஸ்திரியார் என்ற ஆசிரியர், பையன் படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பப் படிவம், வருமானச் சான்றிதழ், மூன்று நகல் எதுவும் கிடையாது. ஒரு சாஸ்திரியார் இருந்தால் போதும். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி என்று பிள்ளை படித்து ஏறி, 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்குப் போனார். வழிகாட்டி ஆனந்தராவ். இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்திலேயே அங்கே படித்தவர்.

இராமானுஜனைத் தொடாமல் தமிழ்நாட்டில் கணக்குக் கதை சொல்ல முடியாது, சட்டம் இருக்கிறது. அவருக்கும் பெரிய பகு எண்கள் மீது ஒரு மோகம். தனக்கு முன்னால் வந்த எல்லா எண்ணையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்ணை அவர் தனியாகப் பொறுக்கி எடுத்தார். 24-க்கு எட்டுக் காரணிகள். அதற்கு முன்னே எந்த எண்ணுக்கும் எட்டு கிடையாது. பக்கத்து வீட்டு 23-க்கு இரண்டே இரண்டு. ஒட்டுக்குடித்தனம் இருந்தாலும் ஒட்டாத குடும்பங்கள் உண்டே, அப்படி. இந்தப் பெரிய குடும்பங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1915-இல் லண்டனில் வெளிவந்தது. அதற்கு 1916-இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. இங்கே எஃப்.ஏ.யில் கோட்டடித்தவர் அவர். போர்க்காலப் பணமுடையில் கட்டுரையின் பிற்பகுதி அச்சேறாமல் நின்று, 1997-இல்தான் வெளியானது. நம் ஊர் பென்ஷன் கோப்பே தேவலை.

அந்தக் கட்டுரையின் பட்டியலில் கடைசி எண் 67,46,32,83,88,800. பத்தாயிரத்து எண்பது காரணிகள். கையால் போட்ட பட்டியல். கணிப்பொறியும் இல்லை, கால்குலேட்டரும் இல்லை. அதில் ஒரே ஒரு எண்ணை மனிதர் விட்டுவிட்டார்: 29,33,18,62,56,00 என்று எழுதுவது தப்பு, 2,93,31,86,25,600. காற்புள்ளி போடவே எனக்குத் தகராறு; அவர் ஒன்றை விட்டதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று கவனியுங்கள். விட்டுப்போன எண்ணை ஒரு சின்ன எண்ணால் பெருக்கினால், பட்டியலின் கடைசி எண் அப்படியே வருகிறது. அந்தச் சின்ன எண் எது என்கிறீர்கள்? 23. நம்ம ஆளேதான்.

இப்போது வில்சன் வழக்குக்கு வருவோம். வில்சன் தேற்றத்தைப் பிள்ளை திருப்பிப் போட்டார். பகா எண்ணிலிருந்து பெருக்கத்துக்குப் போவது இருக்கட்டும்; பெருக்கத்திலிருந்து பகா எண்ணுக்கு வந்தால் என்ன? ஏதாவது ஒரு எண் வரை பெருக்கி ஒன்றைக் கூட்டு. அதை வகுக்கிற பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழி. மிச்சம், நீ முதலில் எடுத்த எண்ணால் வகுபடுமா?

3 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 7. ஒன்றைக் கழித்தால் 6, 3-ஆல் வகுபடுகிறது. 4 என்றால் 25. உள்ளே இருப்பது 5. ஒன்று போனால் 4. சரி. 5 என்றால் 121, உள்ளே 11, ஒன்று போனால் 10, சரி. 6 என்றால் 721, உள்ளே 7-உம் 103-உம், ஒன்று போனால் 6-உம் 102-உம், இரண்டும் சரி. 7 என்றால் 5041, அது 71-இன் வர்க்கம், ஒன்று போனால் 70, பேஷ். இந்த இடத்தில் நாமாக இருந்தால் மாலை வாங்கிக்கொண்டு தேற்றத்துக்கு நம் பெயரை வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். 8-இல் வந்து நிற்கிறது வண்டி. 8 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 40,321. அது 61 × 661. 61-இல் ஒன்றைக் கழித்தால் 60. அது 8-ஆல் வகுபடாது. ஏழு வரை நல்ல பிள்ளையாக இருந்தது, எட்டில் ஊர் பேரைக் கெடுத்துவிட்டது.

இப்படி ஒழுங்கை மீறுகிற பகா எண்களுக்குத்தான் பிள்ளை பகா எண்கள் என்று பெயர். அதில் ஆகச் சின்னது 23. அது எங்கே மாட்டியது? வேனில் வந்த பதினாலு பேர் வரிசையில். 14!-உடன் ஒன்றைக் கூட்டினால் 23 வகுக்கும். ஆனால் 22, 14-ஆல் வகுபடாது. பதினெட்டுப் பேர் வந்து, 18!-உடன் ஒன்றைக் கூட்டினாலும் அங்கேயும் 23 வந்து நிற்கும். அது 6,40,23,73,70,57,28,001; பதினாறு இலக்கம். உடைத்தால் 19, 23, 29, 61, 67, பிறகு 12,36,10,951. அதில் 23, 29, 61, 67 நான்கும் பிள்ளை வகையறா. ஒரே வேனில் நான்கு சொந்தக்காரர்கள். இந்த வகையறாவுக்கு முடிவே கிடையாது, எண்ணிலடங்காத பேர் இருக்கிறார்கள் என்று பிற்பாடு நிரூபித்தும் விட்டார்கள்.

அடுத்தது வாரிங் வழக்கு. இதைப் புரிந்துகொள்ள நீங்கள் செங்கோட்டை பார்டருக்கு வர வேண்டும். பரோட்டாக் கடை. கடைக்காரர் ஒரு விசித்திர விதி வைத்திருக்கிறார்: பார்சல் மூன்று அளவில்தான். ஒன்று, அறுபத்துநான்கு, எழுநூற்று இருபத்தொன்பது. இவை 1, 2, 3 என்பவற்றின் ஆறாம் அடுக்குகள். கல்யாணக் கோஷ்டி ஒன்று 703 பரோட்டா கேட்கிறது. 729 கட்டு பெரிது, ஆகாது. 64 கட்டு பத்து வைத்தால் 640. பாக்கி 63-ஐயும் ஒற்றை ஒற்றையாகக் கட்ட வேண்டும். மொத்தம் 73 பொட்டலம். பரோட்டாவைவிட நூல் செலவு அதிகம்.

இந்த 703-உம் சாதாரண ஆள் இல்லை, 19 × 37. சின்னப் பகு எண்தான். ஆனால் ஆறாம் அடுக்கு உலகத்தில் ஆகப் பெரிய வில்லன். கேள்வி என்னவென்றால், 703-ஐவிட மோசமான வாடிக்கையாளர் எங்காவது, கோடி கோடி தாண்டி, ஒளிந்திருக்கிறாரா? இல்லை, எவ்வளவு பெரிய எண் வந்தாலும் 73 பொட்டலத்துக்குள் அடக்கிவிடலாம் என்று 1940-இல் நிரூபித்தவர் வல்லத்துப் பிள்ளை. அப்போது அவர் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர். ஏழும் அதற்கு மேற்பட்ட அடுக்குகளும் அதற்கு முன்பே பெரும்பாலும் தீர்ந்திருந்தன. அதில் சிகாகோவில் உட்கார்ந்து டிக்சனும், சிதம்பரத்தில் உட்கார்ந்து பிள்ளையும், தனித்தனியே, ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். டிக்சன் பின்னாளில் கனங்களையும் சலித்துப் பார்த்து, ஒன்பது கனம் தேவைப்படுகிற எண்கள் உலகத்திலேயே இரண்டுதான் என்று 1939-இல் காட்டினார். ஒன்று 239. இன்னொன்று, ஆமாம், 23.

ஆறு முடிந்த பிறகும் ஐந்தும் நான்கும் பாக்கி கிடந்தன. ஐந்தை 1964-இல் சீனாவின் சென் ஜிங்ருன் முடித்தார். நான்கை 1986-இல் நம் ஆர். பாலசுப்பிரமணியனும் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் முடித்தார்கள். வாரிங் எழுதிய 'மேலும் இப்படியே'-க்கு ஆன செலவு இருநூறு வருஷத்துக்கு மேல்.

இந்த 703 கதையை ஒருமுறை பார்டரில் பார்சல் கட்டும் அண்ணாச்சி ஒருத்தரிடம் சொன்னேன். சால்னாவைப் பையில் ஊற்றி, வாயைச் சுருட்டி, நூலை நாலு சுற்று சுற்றி, பல்லால் அறுத்துவிட்டுத்தான் பேசினார்.

"ஏன் தம்பி, 729 கட்டு ஒண்ண வாங்கிட்டுப் போயி, 26-ஐத் திருப்பிக் குடுத்தா முடிஞ்சுதுல்லா? இதுக்கா எழுவத்துமூணு பொட்டலம்?"

ஒரு கட்டு வாங்கி 26 ஒற்றையைத் திருப்பித் தருவதென்றால் மொத்தம் 27 கைமாற்றம்தான். கழித்தலையும் சேர்த்துக்கொண்டால் வாரிங் கணக்கு லேசாகிவிடும் என்று 1934-இல் ரைட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். அண்ணாச்சி அதை நூல் அறுக்கிற நேரத்தில் சொல்லிவிட்டார். அவருக்கு ஒரு நாற்காலி மட்டும் குறைச்சல்.

பிள்ளையின் சாமான்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது பதினேழு வீட்டுத் தெரு. எண்களை அடுத்தடுத்த வீடுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்களுக்கு ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இருந்தால் அவர்கள் சொந்தம். பதினாறு வீடு வரை உள்ள தெருவில், தெரு எந்த ஊரில் இருந்தாலும், மற்ற எந்த வீட்டோடும் சொந்தமில்லாத ஒரு வீடாவது நிச்சயம் இருக்கும் என்று நிரூபித்தார் பிள்ளை. பதினேழு வீடு ஆனதும் நிலைமை மாறிவிடும். 2184 முதல் 2200 வரை பாருங்கள். பதினேழும் பகு எண்கள். இரட்டைப்படைகள் எல்லாம் 2 வழிச் சொந்தம். 2187, 2193, 2199 மூன்றும் 3 வழி. 2189 என்பது 11 × 199. யாருமில்லாத ஆள் மாதிரித் தெரியும். ஆனால் தெருக்கோடி 2200 அதற்கு 11 வழியில் சித்தப்பா. 2197-இன் உள்ளே 13-ஐத் தவிர ஒன்றுமே கிடையாது, 13 × 13 × 13, சரியான முசுடு. அதற்கும் தெருவின் அந்தக் கோடியில் 2184 தாய்மாமன், 13 × 168. 2185-ஐ உடைத்தால் 5 × 19 × 23. அங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்.

தென்காசிப் பக்கத்தில் வளர்ந்த ஆளுக்குத்தான் இப்படி ஒரு கணக்குத் தோன்றும் என்பது என் கட்சி. ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் "நமக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பித்து, கடையநல்லூர் தாண்டுவதற்குள் ஒரு பெரியம்மாவைக் கண்டுபிடித்துவிடுகிற ஊர் இது. பெரிய எண்ணைக் கண்டால் மற்றவர்கள் எத்தனை இலக்கம் என்று பார்ப்பார்கள். பிள்ளை, இது யாருக்குச் சொந்தம் என்று விசாரித்தார்.

சிதம்பரத்திலிருந்து 1941-இல் திருவனந்தபுரம், அங்கிருந்து 1942-இல் கல்கத்தா. 1950-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஒரு வருஷம் வந்து இருக்கும்படி அழைத்தது. ஹார்வர்டில் கூடுகிற உலகக் கணிதப் பேராயத்திலும் அவர் கலந்துகொள்வதாக ஏற்பாடு. பேராயம் ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. மறுநாள் ஆகஸ்ட் 31, கெய்ரோவிலிருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. விமானம் எஞ்சினில் தீப்பிடித்து எகிப்திலேயே விழுந்தது. 55 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பிள்ளைக்கு அப்போது வயது 49. இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை.

அவருடைய கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக வெளிவர 2010 ஆயிற்று. போய் அறுபது வருஷம் கழித்து. எங்கள் பக்கத்துக்குக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரைத் தெரியும். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் யார் யாருக்குத் தோசை போட்டார் என்றுகூடச் சொல்ல ஆள் உண்டு. எந்தக் கடையில் சால்னா திக்காக இருக்கும் என்பதில் பேச்சு கைகலப்பு வரைக்கும் போகும். வல்லத்தில் ஒருத்தர் பிறந்து வாரிங்கையும் வில்சனையும் ஒரே ஆளாக ஒரு கை பார்த்தார் என்று கேட்டால், "யாரு, நம்ம ஈ.பி. ஆபீஸ் பிள்ளையா?" என்பார்கள்.

அதனால் உங்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த சீசனுக்கு வரும்போது அருவி வரிசையில் எப்படியும் ஒரு மணி நேரம் நிற்பீர்கள். முன்னால் நிற்கிறவர்களை எண்ணுங்கள். பதினாலாவது ஆளுக்குப் பின்னால் ஒருத்தர் குறுக்கே புகுந்தால் சண்டைக்குப் போகாதீர்கள்; அவரால்தான் 23 கிடைத்தது. திரும்பும் வழியில் வல்லம் வரும்போது, பக்கத்தில் தூங்குகிற பையனைத் தட்டி எழுப்பி, 703-ஐ உடைக்கச் சொல்லுங்கள். அவன் 19 × 37 என்று சொல்லி முடிப்பதற்குள் ஊர் தாண்டிவிடும். ஆனால் ஊர் பெயரைக் கேட்பான். சொல்லிவிடுங்கள்.